ஜூலை 10, 1806: வேலூர்க் கோட்டையின் எட்டு மணி நேரம்

அன்று வியாழக்கிழமை. பொழுது விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தபோது வேலூர்க் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. விடிந்தபோது கொடிமரத்தில் மைசூர் சுல்தான்களின் புலிக்கொடி பறந்தது. உச்சிவெயில் ஏறுவதற்குள் கோட்டை மறுபடியும் கம்பெனி வசமானது. இந்த எட்டு மணி நேரத்துக்குள் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துக் கிடந்தார்கள்.

மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த 1857 மே 10க்கு ஏறக்குறைய 51 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. பாடப் புத்தகங்களில் இது பெரும்பாலும் அந்தப் பெரிய எழுச்சிக்கான முன்னோட்டமாக, சில பத்திகளில் முடிந்துபோகிறது. வேலூரின் ஜூலை 10ஐ வேலூரின் நாளாகவே, மணிக்கணக்கில் பின்தொடர்ந்து படித்தால் வேறொரு உண்மை புலப்படும். களத்தில் அந்தச் சிப்பாய்கள் தோற்றார்கள். ஆனால் எதற்காக அவர்கள் துப்பாக்கியைத் திருப்பினார்களோ, அந்தக் கோரிக்கை அவர்கள் இறந்த பிறகு அப்படியே நிறைவேறியது.

தலையில் ஏறிய தொப்பி

பிரச்சினை ஒரு தலைப்பாகையில் தொடங்கியது.

மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் ஜான் கிரடாக். கவர்னர், வில்லியம் பென்டிங்க் பிரபு. சிப்பாய்களின் தோற்றம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று 1805இன் கடைசியிலும் 1806இன் தொடக்கத்திலும் புதிய விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் திருநீறோ நாமமோ இடக் கூடாது. காதில் கடுக்கன் போடக் கூடாது. அணிவகுப்புக்கு வரும்போது தாடையில் முடி இருக்கக் கூடாது. மீசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு புதிய தலைப்பாகையும் வந்தது. அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூவின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்தத் தலைப்பாகை, பார்வைக்கு வெள்ளைக்காரரின் தொப்பியைப் போலவே இருந்தது. அதன் முகப்பில் தோலால் செய்த குஞ்சம். அந்தத் தோல் மாட்டுத்தோலா, பன்றித்தோலா? முதலாவது என்றால் இந்துச் சிப்பாயால் தொட முடியாது. இரண்டாவது என்றால் முஸ்லிம் சிப்பாயால் தொட முடியாது. எதுவென்று தெரியாததால் இருவருமே மிரண்டார்கள்.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் தொப்பிக்காரன் என்றால் வெள்ளைக்காரன். தொப்பி போட்டவன் மதம் மாறியவன் என்பதுதான் கடைத்தெருவின் தீர்ப்பு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் சொந்தக்காரன் பந்தியில் உட்கார வைப்பானா, பெண் கொடுப்பானா என்ற கவலை சிப்பாய்களை அரித்தது. மாத முடிவில் கம்பெனிச் சம்பளம் வரும். ஆனால் அந்தச் சம்பளத்தோடு திரும்பிப் போக ஒரு வீடும் உறவும் சாதிசனமும் இருந்தாக வேண்டுமே.

மே மாதத்திலேயே தெரிந்தது

1806 மே முதல் வாரத்தில், வேலூரில் இருந்த 4ஆவது ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாளத்துச் சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்கள் யாரையும் தாக்கவில்லை. மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

அவர்களில் 21 பேர் மதராஸுக்கு அனுப்பப்பட்டு ராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். பத்துப் பேர் முஸ்லிம்கள், பதினொரு பேர் இந்துக்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவராக இருவருக்கு ஆளுக்கு 900 சவுக்கடியும் வேலைநீக்கமும் தண்டனை. மற்ற 19 பேருக்கு ஆளுக்கு 500 சவுக்கடி. இந்தப் பத்தொன்பது பேரும் மன்னிப்புக் கேட்டதால் அடியிலிருந்து தப்பினார்கள்.

அமைதியாகச் சொல்லிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பது சிப்பாய்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு இரவுக் கூட்டங்களுக்கு நகர்ந்தது.

அந்தக் கூட்டங்களின் செய்தியும் மேலிடத்துக்குப் போகாமல் இல்லை. 1ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய், ஜூன் 17ஆம் தேதி தன் அதிகாரியான கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சதி நடப்பதாகச் சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பை அதே பட்டாளத்தின் இந்திய அதிகாரிகளிடம் விட்டார். சதியில் பங்கெடுத்தவர்களே விசாரணைக்காரர்கள். முஸ்தபா பேக்குக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அவர் சிறையில் அடைக்கப்பட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு 2,000 வராகன் வெகுமதியும் சுபேதார் ஓய்வூதியமும் தரப்பட்டன.

கோட்டைக்குள் ஒரு ராஜ குடும்பம்

வேறெந்த ஊரிலும் இல்லாத ஒன்று வேலூரில் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் போரில் மடிந்த பிறகு, அவருடைய மனைவியரும் மகன்களும் மகள்களும் வேலூர்க் கோட்டை அரண்மனைகளில் காவலில் வைக்கப்பட்டார்கள். ஹைதர் மகால், திப்பு மகால் என்று இன்றும் கோட்டைக்குள் அழைக்கப்படும் கட்டடங்கள் அவை. அவர்களோடு வந்த பரிவாரம் கோட்டைக்கு வெளியே பேட்டையில் பெருகியது. ஃபக்கீர்கள் கடைவீதிகளிலும் சிப்பாய்க் குடியிருப்புகளிலும் கம்பெனிக்கு எதிராகப் பேசித் திரிந்தார்கள்.

கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டு ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டு ஐந்து ஆண்டு நிறையவில்லை. வீழ்த்தப்பட்டவர்களின் நினைவு தமிழ்நாட்டில் அப்போது ஆறாத புண். தொப்பி மூட்டிய கோபத்துக்கு மேல் ஒரு அரசியல் கனவு உட்கார அந்தக் கோட்டையில் இடம் இருந்தது.

விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் கோட்டை அது. சுற்றிலும் அகழி. உள்ளே போக வர ஒரே வாசல், கிழக்கில். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். 1806 ஜூலையில் கோட்டையின் காவலுக்கு இங்கிலாந்து அரசரின் 69ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த நான்கு படைப்பிரிவுகளின் வெள்ளைச் சிப்பாய்கள் இருந்தார்கள். மதராஸ் படையின் 1ஆவது, 23ஆவது ரெஜிமென்ட்களைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,500 பேர். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்.

அந்த இரவு

ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கோட்டைக்குள் ஆள் நடமாட்டம் கூடியிருந்ததற்கு அதுவே காரணமாகிவிட்டது. மறுநாள் அதிகாலையில் பயிற்சி அணிவகுப்பு இருந்ததால், வழக்கமாக வெளியே குடிசைகளில் தூங்கும் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் அன்று இரவு கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள்.

இரவு ரோந்தில் நடந்தது கவனிக்கத் தக்கது. ரோந்து போக வேண்டிய ஆங்கிலேய அதிகாரி அந்த வேலையை இந்திய அதிகாரியான சுபேதாரிடம் தள்ளினார். சுபேதார் உடம்பு சரியில்லை என்று தனக்குக் கீழே இருந்த ஜமேதாரிடம் தள்ளினார். அந்த ஜமேதார் ஷேக் காசிம். அன்றைய எழுச்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் போனவரே அதை நடத்தப் போகிறவர்.

அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிரதான காவல் நிலையத்தில் இருந்த வெள்ளைக் காவலர்கள் முதலில் விழுந்தார்கள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வெளியே வந்த ஃபேன்கோர்ட் சுடப்பட்டார். அணிவகுப்பு மைதானத்தைக் கடந்துகொண்டிருந்த 23ஆவது ரெஜிமென்ட்டின் கர்னல் மெக்கெர்ரஸ் கொல்லப்பட்டார். கோட்டைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த மேஜர் ஆம்ஸ்ட்ராங் என்ன சத்தம் என்று விசாரித்த இடத்திலேயே செத்து விழுந்தார்.

வெள்ளைச் சிப்பாய்களின் படைவீடுதான் பெரிய இலக்கு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சன்னல்கள் வழியே சரமாரியாகச் சுட்டார்கள், பீரங்கியையும் திருப்பினார்கள். 69ஆவது ரெஜிமென்ட்டில் மட்டும் 115 பேர் இறந்தார்கள். அதிகாரிகள் 14 பேர். கர்னலின் மனைவி அமீலியா ஃபேன்கோர்ட் தன் இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பினார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு, கோட்டைக்குள் இருந்த ஒரு தாயின் கண்ணால் பார்த்த அரிய சாட்சியம். தூக்கத்தில் சுடப்பட்டவர்களும் அந்தத் தாயும் குழந்தைகளும் இந்த நாளின் கதையில் சேர்ந்தவர்களே. அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது அரைகுறைக் கதை.

விடிந்ததும் திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதர் அரசர் என்று அறிவிக்கப்பட்டார். புலிக்கொடி ஏறியது.

திறந்து கிடந்த வாசல்

கோட்டை கைக்கு வந்துவிட்டது. அதன்பின் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: வாசலை அடைத்துக் காவல் போடுவது, வெளியே இருக்கும் மற்றப் படைகளுக்குச் செய்தி அனுப்புவது. இரண்டுமே ஒழுங்காக நடக்கவில்லை. சிப்பாய்களில் பலர் கஜானாவையும் அதிகாரிகளின் வீடுகளையும் சூறையாடுவதில் இறங்கினார்கள். சிலர் கிடைத்த பணத்தோடு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கிழக்கு வாசலின் வெளிக்கதவுகள் திறந்தபடி கிடந்தன.

இதற்கிடையில் 69ஆவது ரெஜிமென்ட்டில் மிஞ்சிய சில பத்து வீரர்கள், ஜோன்ஸ், டீன் என்ற இரண்டு துணை மருத்துவர்களின் தலைமையில் கோட்டை மதில்மேல் ஏறி, வாசலுக்கு மேலே இருந்த பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். குண்டு தீரத் தீர நின்றார்கள். கொடிமரத்தில் ஏறிப் புலிக்கொடியை இறக்கியவர்களும் அந்த ரெஜிமென்ட்டின் சிப்பாய்கள் இருவரே.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கூட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். ஆற்காடு 16 மைல் தூரம், இன்றைய கணக்கில் சுமார் 25 கிலோமீட்டர். அங்கே குதிரைப்படைக்குத் தலைவராக இருந்தவர் ராலோ கில்லெஸ்பி, அயர்லாந்துக்காரர், நாற்பது வயது. செய்தி கிடைத்த சற்று நேரத்தில் 19ஆவது டிராகூன் என்ற வெள்ளைக் குதிரைப்படையின் ஒரு பிரிவோடும் மதராஸ் குதிரைப்படையின் இந்திய வீரர்களோடும் வேலூர்ச் சாலையில் பாய்ந்தார். குதிரை இழுக்கும் இலகு பீரங்கிகள் பின்னால் வரட்டும் என்று தான் முன்னே போனார்.

காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் அவர் வந்து சேர்ந்தபோது வாசலின் உள்கதவு மட்டுமே மூடியிருந்தது. மதில்மேல் இருந்தவர்கள் கயிறு விட, அதைப் பிடித்து ஏறி அவர்களுக்குத் தலைமை ஏற்றார். அவர்களிடம் குண்டு தீர்ந்திருந்தது. துப்பாக்கி முனைக் கத்தியால் தாக்கி நேரத்தை நீட்டித்தார்கள். பீரங்கிகள் வந்து சேர்ந்தன, கதவு உடைந்தது, குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. பேட்டையிலும் வயல்வெளியிலும் ஓடியவர்களைக் குதிரைவீரர்கள் துரத்தி வெட்டினார்கள்.

வெட்டியவர்களிலும் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். ஜூலை 10ஐ இரண்டு நாட்டுக் கொடிகளுக்கு நடுவே நடந்த நேர்கோட்டுப் போராக வரைந்துவிட முடியாது.

சுவர்

எழுச்சி அடங்கிய பிறகு நடந்ததுதான் அந்த நாளின் மிகக் கொடுமையான அத்தியாயம். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டார்கள். கில்லெஸ்பியின் உத்தரவுப்படி ஒரு சுவரோரம் நிறுத்தப்பட்டார்கள். சிறுகுண்டுகள் நிரப்பிய பீரங்கிகள் அவர்கள் எல்லாரும் சாகும் வரை சுட்டன. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கோட்டைக் கதவை உடைத்த பொறியாளரான ஜான் பிளாகிஸ்டன் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைத் தானே பார்த்ததாகப் பதிவுசெய்திருக்கிறார். தன்னால் அதை ஏறக்குறைய பதறாமல் பார்க்க முடிந்தது என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கொலையை இந்தியத் தரப்புக் குற்றச்சாட்டு என்று யாரும் ஒதுக்க முடியாது. செய்தவர்களின் கையெழுத்திலேயே அது இருக்கிறது.

அன்று இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. சுமார் 350 என்று ஒரு கணக்கு. கோட்டைக்குள் மட்டும் 800 உடல்கள் கிடந்தன என்று நேரில் பார்த்த ஒருவரின் குறிப்பு. இறந்த வெள்ளையர் எண்ணிக்கை துல்லியமாகத் தெரிகிறது. இறந்த சிப்பாய்களுக்கு நூற்றுக்கணக்கில் வித்தியாசம். யாருடைய உயிருக்குப் பதிவேடு இருந்தது என்பதை இந்த இரண்டு கணக்குகளுமே சொல்லிவிடுகின்றன.

பிறகு விசாரணை நடந்தது. திருச்சியிலும் வேலூரிலும் சுமார் 600 பேர் காவலில் வைக்கப்பட்டார்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்களில் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேருக்குத் தூக்கு. கிளர்ந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டு, படைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. கில்லெஸ்பிக்கு 7,000 வராகன் பரிசு.

வென்றது யார்?

இனி கணக்கின் மறுபக்கம். மே மாதம் 900 சவுக்கடி கொடுத்துக் காப்பாற்றப்பட்ட அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நெற்றிக்குறி, கடுக்கன் பற்றிய விதிகளும் போயின. விசாரணைக் குழு இரண்டு காரணங்களைக் குறிப்பிட்டது: உடை விதிகள், வேலூரில் இருந்த திப்பு குடும்பம். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் 1807இல் கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அக்னியூவும் பதவி இழந்தார்.

இந்திய மண்ணில் ஒரு கவர்னரும் ஒரு தலைமைத் தளபதியும் சிப்பாய்களின் எழுச்சிக்காகப் பதவி இழந்தார்கள் என்பது சாதாரணச் செய்தியில்லை. சிப்பாயின் மதத்திலும் சடங்கிலும் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் கம்பெனிக்குக் கற்றுக்கொடுத்தது. அரை நூற்றாண்டில் கம்பெனி அதை மறந்தது. மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டா என்ற பேச்சில் 1857 வெடித்தபோது, வேலூரின் தோல் குஞ்சத்தில் இருந்த அதே சந்தேகம்தான் திரும்பி வந்திருந்தது.

பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்குத் திரும்பினார். கில்லெஸ்பி 1814 அக்டோபர் 31 அன்று டேராடூன் அருகே கூர்க்காக்களோடு நடந்த சண்டையில் குண்டுபட்டு இறந்தார். அவரைப் புகழ்ந்து ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் பிற்காலத்தில் ஒரு கவிதையே எழுதினார். வேலூர் எழுச்சியை அடக்கிய அவர் அடக்கம் செய்யப்பட்ட ஊர், மீரட்.

திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு நாடுகடத்தப்பட்டது. கொல்கத்தா தர்மதலாவில் இன்றும் நிற்கும் திப்பு சுல்தான் மசூதியை 1842இல் கட்டியவர், திப்புவின் இளைய மகன் குலாம் முகமது. வேலூர்க் கோட்டையின் அரண்மனை அறைகள் காலியானாலும் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் அதே கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1832இல் காலமானார்.

பெயர்கள் வேண்டும்

வேலூர் இந்த நாளை மறக்கவில்லை. மக்கான் பகுதியில் 1998இல் நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. 2006இல் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. பாடநூல்களிலும் இடம் உண்டு.

மலர்வளையம் மட்டும் போதாது. ஷேக் காசிம், ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் ஹுசைன் ஆகிய பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. தலைமை தாங்கியவர்கள் என்று கம்பெனியே எழுதிவைத்த பெயர்கள் அவை. வேலூரில் பிறந்து வளர்ந்த ஒரு பள்ளி மாணவருக்கு இந்த நால்வரில் ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும். விசாரணைப் பதிவுகளில் உள்ள மற்றச் சிப்பாய்களின் பெயர்களையும் தொகுத்துத் தமிழில் வெளியிடுவது பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளுக்கு முடியாத வேலை அல்ல.

கோட்டைக்குள் நடப்பவர், எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தமிழில் படித்துக்கொண்டே நடக்க முடிய வேண்டும். கிழக்கு வாசல், மதில், அணிவகுப்பு மைதானம், அரண்மனைகள் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த நூறு பேருக்கு ஒரு கல்வெட்டு அவசியம். தூக்கத்தில் இறந்த 69ஆவது ரெஜிமென்ட் வீரர்களின் செய்தியும் அதே நேர்மையோடு அங்கே இடம்பெற வேண்டும். தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் முடிகிற பணி இது. அடுத்த ஜூலை 10க்கு முன் அதைத் தொடங்க வேண்டும். வேலூர் வாசகர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.